பசிபிக் ரிம்: அமெரிக்காவில் மூன்றாம் இடம், சீனாவில் திருவிழா

2013 ஜூலை 12, வெள்ளிக்கிழமை. கியெர்மோ டெல் டோரோ இயக்கிய 'பசிபிக் ரிம்' அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தது. லெஜண்டரி பிக்சர்ஸ் தயாரிப்பு, வார்னர் பிரதர்ஸ் விநியோகம், சுமார் 19 கோடி டாலர் செலவு. நாவலையோ காமிக்ஸையோ பழைய டிவி தொடரையோ நம்பி எடுத்த படமில்லை. டிராவிஸ் பீச்சம் என்ற எழுத்தாளர் புதிதாக யோசித்த கதை. கடலடிப் பிளவிலிருந்து ராட்சத மிருகங்கள் கிளம்பி வருகின்றன. அவற்றோடு மல்லுக்கட்ட மனிதர்கள் இருபது மாடி உயர இயந்திரங்களைக் கட்டுகிறார்கள். ஒரு இயந்திரத்தை இயக்கக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும், அவர்கள் மனம் ஒன்றாக இணைய வேண்டும்.

ஞாயிறு இரவு கணக்குப் பார்த்தபோது 3.73 கோடி டாலர், மூன்றாம் இடம். முதல் இரண்டு இடங்களில் இருந்தவை 'டெஸ்பிகபிள் மீ 2', 'க்ரோன் அப்ஸ் 2'. அவற்றில் முதலாவது தன் இரண்டாவது வாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டுமே இரண்டாம் பாகங்கள் என்பதையும் குறித்துக்கொள்ளலாம். அடுத்த வாரம் வசூல் பாதிக்கும் கீழே இறங்கியது. கடைசியில் அமெரிக்கா, கனடா சேர்த்து 10.18 கோடி டாலரோடு ஓட்டம் முடிந்தது.

ஜூலை 31 அன்று அதே படம் சீனாவில் வெளியானது. முதல் ஐந்து நாளில் சுமார் 4.5 கோடி டாலர். அதுவரை வார்னருக்கு சீனாவில் கிடைத்த மிகப்பெரிய ஓப்பனிங் அதுதான். மொத்த சீன வசூல் 11.19 கோடி டாலர், அதாவது தாய்நாட்டை விட அதிகம். உலகம் முழுக்க 41.1 கோடி.

இதை வைத்து அப்போது எழுதப்பட்ட கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே முடிவுக்கு வந்தன: அமெரிக்க ரசிகனுக்குப் புதுக் கதை பிடிக்காது, ஆசிய ரசிகனுக்குப் பிரம்மாண்டம் இருந்தால் போதும். இந்த முடிவு தவறு என்பது என் உறுதியான எண்ணம். படத்துக்கு மட்டுமல்லாமல் இரண்டு நாட்டு ரசிகர்களுக்கும் இது அநியாயம் செய்கிறது. எண்களைக் கொஞ்சம் பொறுமையாக அடுக்கிப் பார்த்தால் வேறு விஷயம் தெரியவருகிறது.

சதவீதம் காட்டும் மாயை

பசிபிக் ரிம் வசூலில் ஏறத்தாழ 75 சதவீதம் வெளிநாட்டிலிருந்து வந்தது. கேட்டதும் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அதே 2013-ல் வந்த 'அயர்ன் மேன் 3'-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உலக வசூல் சுமார் 121 கோடி டாலர், அதில் அமெரிக்கப் பங்கு 41 கோடி. அங்கேயும் மூன்றில் இரண்டு பங்கு வெளிநாட்டுப் பணம்தான். 75-க்கும் 66-க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ஒரு கோட்பாடே கட்ட முடியாது. அந்தக் காலத்தில் பெரிய ஹாலிவுட் படம் எதுவானாலும் வெளிநாட்டில்தான் அதிகம் வசூலித்தது.

ஆக, சதவீதத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு படங்களையும் நாடுவாரியாகப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் அயர்ன் மேன் 41 கோடி, பசிபிக் ரிம் 10 கோடி. நான்கு மடங்கு வித்தியாசம். சீனாவில் அயர்ன் மேன் சுமார் 12 கோடி, பசிபிக் ரிம் 11 கோடிக்குச் சற்று மேல். கிட்டத்தட்ட சமம். இத்தனைக்கும் அயர்ன் மேனுக்கு சீனாவில் தனிப் பதிப்பே இருந்தது. சீன நடிகை ஃபான் பிங்பிங் நடித்த கூடுதல் காட்சிகளைச் சேர்த்து, மே 1 விடுமுறையைக் குறிவைத்து வெளியிட்டார்கள்.

இந்த ஒரு ஒப்பீடு போதும் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். இன்னொன்றும் இருக்கிறது, இதைவிட நெருக்கமானது. 2014-ல் அதே லெஜண்டரி, அதே வார்னர் கூட்டணி 'காட்ஸில்லா'வைக் கொண்டுவந்தது. அதுவும் ராட்சத மிருகப் படம்தான், செலவும் அதே ரகம்தான். ஒரு வித்தியாசம், பெயர் அறுபது வருஷப் பழசு. அமெரிக்காவில் முதல் மூன்று நாளில் 9.3 கோடி, மொத்தம் 20 கோடி. பசிபிக் ரிம் வசூலைப் போல இரண்டு மடங்கு. சீனாவில் சுமார் 7.8 கோடி, அதாவது பசிபிக் ரிம்மை விடக் குறைவு. மே மாத வெளியீட்டால் அமெரிக்காவில் காட்ஸில்லாவுக்கு நெரிசல் குறைவு, சீனாவுக்கு ஒரு மாதம் தாமதமாகப் போனது, போன இரண்டே வாரத்தில் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' நான்காம் பாகம் வந்து மோதியது என்பதையெல்லாம் கழித்துக்கொள்ளத்தான் வேண்டும். கழித்தபிறகும் போக்கு மாறவில்லை.

தெரிந்த பெயருக்கு அமெரிக்காவில் ஒரு கூடுதல் விலை கிடைக்கிறது. சீனாவில் 2013-ல் அந்த விலை அநேகமாகக் கிடையாது. வெளிநாட்டில் பசிபிக் ரிம்முக்கு யாரும் தனிச் சலுகை கொடுக்கவில்லை. மற்றவர்களுக்குக் கிடைத்துவந்த சலுகை அங்கே இல்லை, அவ்வளவுதான்.

பழகிய முகங்களின் கூட்டம்

அமெரிக்க ரசிகனின் இடத்தில் நின்று அந்தக் கோடையைப் பார்ப்போம். மே தொடக்கத்தில் அயர்ன் மேன் 3. அதன்பின் 'ஸ்டார் டிரெக்'கின் அடுத்த பாகம், 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ் 6', 'ஹேங்ஓவர்' மூன்றாம் பாகம், சூப்பர்மேனை வைத்து 'மேன் ஆஃப் ஸ்டீல்', 'மான்ஸ்டர்ஸ் யுனிவர்சிட்டி'. ஒவ்வொன்றும் முப்பது நொடி டிவி விளம்பரத்தில் செய்யவேண்டிய வேலை ஒன்றுதான்: 'திரும்ப வந்துட்டோம்' என்று சொல்வது. பார்ப்பவனின் ஞாபகம் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

பசிபிக் ரிம் அதே முப்பது நொடியில் எத்தனை விஷயத்தைச் சொல்லவேண்டும்? மிருகங்கள் எங்கிருந்து வருகின்றன, இயந்திரங்கள் எதற்கு, ஏன் இரண்டு பேர், மனம் இணைவது என்றால் என்ன, யார் கதாநாயகன். சார்லி ஹன்னம் கேபிள் டிவி தொடரில் தெரிந்த முகம். இட்ரிஸ் எல்பா மதிக்கப்பட்ட நடிகர், டிக்கெட் விற்கும் பெயராக அப்போது இல்லை. ரிங்கோ கிக்குச்சியை ஆஸ்கர் பரிந்துரை பற்றித் தெரிந்தவர்கள்தான் அறிவார்கள். விளம்பரம் கடைசியில் இயந்திரமும் மிருகமும் அடித்துக்கொள்வதை மட்டும் காட்டியது. பார்த்தவர்கள் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ் மாதிரி இன்னொன்று' என்று நினைத்து நகர்ந்தார்கள். வெளியாவதற்கு முன்பே படத்தைப் பற்றிய விழிப்பு குறைவாக இருக்கிறது என்று கருத்துக்கணிப்புகள் சொன்னதாக வர்த்தகப் பத்திரிகைகள் எழுதின.

படத்துக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு அது பிடிக்காமல் போகவில்லை. முதல் நாள் பார்வையாளர்களிடம் சினிமாஸ்கோர் எடுத்த கணிப்பில் ஏ மைனஸ் கிடைத்தது. ஹாங்காங் சண்டையில் எனக்கு மிகப் பிடித்த ஒரு இடம் உண்டு. இயந்திரத்தின் கை குறி தவறி ஒரு அலுவலகக் கட்டடத்துக்குள் நுழைகிறது. மேசைகளையும் தடுப்புகளையும் நொறுக்கிக்கொண்டு போன அந்த முஷ்டி, வேகம் அடங்கும் இடத்தில் ஒரு மேசைமேல் இருந்த எஃகுக் குண்டு ஊசலாட்டப் பொம்மையை லேசாகத் தொட, குண்டுகள் 'டிக் டிக்' என்று ஆட ஆரம்பிக்கின்றன. அத்தனை பெரிய அழிவுக்கு நடுவே இயக்குநரின் விளையாட்டுக் குணம் தலைகாட்டும் இடம் அது. குவாதலஹாராவில் ஜப்பானிய மிருகப் படங்களைப் பார்த்து வளர்ந்த டெல் டோரோ, மிருகப் பட முன்னோடிகளான ரே ஹாரிஹவுசனுக்கும் இஷிரோ ஹோண்டாவுக்கும் இந்தப் படத்தைக் காணிக்கையாக்கினார். இந்தப் பிரியத்தை எந்த விளம்பரத்தாலும் முப்பது நொடியில் கடத்த முடியாது. அது வாய்வழியாகப் பரவவேண்டிய விஷயம், அதற்கு வாரங்கள் வேண்டும். ஜூலை நடுவில் அமெரிக்கத் தியேட்டர்களிடம் வாரங்கள் இல்லை. அடுத்த வாரத்தில் மட்டும் நான்கு புதுப் படங்கள் பெரிய அளவில் வெளியாயின.

அந்த நான்கில் ஒன்று 'தி கான்ஜரிங்'. சுமார் 2 கோடி டாலரில் எடுத்த பேய்ப் படம், எந்தத் தொடரின் பாகமும் இல்லை. முதல் வார இறுதியிலேயே 4 கோடியைத் தாண்டியது. அக்டோபரில் 'கிராவிட்டி' வந்தது, அதுவும் புதுக் கதை, அமெரிக்காவில் மட்டும் 27 கோடி. அமெரிக்கர்களுக்குப் புதுசு ஆகாது என்ற வாதம் இந்த இரண்டிலேயே உடைந்துபோகிறது. பேய்ப் படத்துக்கு விளக்கம் தேவையில்லை, ஒரு வீடும் இருட்டும் போதும். கிராவிட்டிக்கு சாண்ட்ரா புல்லக்கும் ஜார்ஜ் குளூனியும் இருந்தார்கள். 2010-ல் இதே லெஜண்டரி, வார்னர் கூட்டணியின் 'இன்செப்ஷன்' அமெரிக்காவில் 29 கோடி அள்ளியது என்றால், கிறிஸ்டோபர் நோலன், டிகாப்ரியோ என்ற பெயர்கள் ரசிகனின் ஞாபகத்தில் ஏற்கெனவே இருந்தன. ஞாபகம் ஏதாவது ஒரு வழியில் வேண்டும். தொடரின் பெயரிலோ, நட்சத்திரத்திடமோ, இயக்குநரிடமோ. பசிபிக் ரிம்மிடம் மூன்றும் இல்லை, செலவு மட்டும் 19 கோடி.

சீனாவில் எல்லோரும் புதுமுகம்

சீனாவில் நிலைமை ஏன் வேறு? 1994 முதல் அங்கே வெளிநாட்டுப் படங்களுக்கு ஒதுக்கீடு உண்டு. வசூலில் பங்கு கொடுத்து வாங்கும் படங்கள் ஆண்டுக்குப் பத்து, பிறகு இருபது என்றுதான் அனுமதி. 2012 பிப்ரவரியில் அன்றைய துணை அதிபர்கள் ஜோ பைடன், ஷி ஜின்பிங் இடையே ஏற்பட்ட உடன்பாட்டில்தான் அது 34 ஆனது. கூடுதலாகச் சேர்ந்த 14 இடங்களும் 3டி அல்லது ஐமேக்ஸ் படங்களுக்கு. அதே 2012-ல் ஜப்பானை முந்தி உலகின் இரண்டாவது பெரிய சினிமா சந்தையாக சீனா ஆனது. அதுவரை தியேட்டரே இல்லாத நகரங்களில் மல்ட்டிபிளெக்ஸ்கள் முளைத்துக்கொண்டிருந்தன.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். 'ஸ்டார் வார்ஸ்' மூல மூன்று படங்களும் வெளியான காலத்தில் சீனத் தியேட்டர்களில் ஓடவே இல்லை. அமெரிக்கத் தந்தை மகனைக் கைபிடித்து அழைத்துப்போகும் தொடர்களுக்கு அங்கே அப்படியொரு குடும்ப வரலாறு கிடையாது. அயர்ன் மேனும் ஓரளவு புதுசுதான், பசிபிக் ரிம்மும் புதுசுதான். இருவரும் ஒரே கோட்டிலிருந்து ஓடினார்கள். சொல்லப்போனால் பசிபிக் ரிம்முக்குக் கொஞ்சம் அனுகூலம்கூட இருந்தது. 1980-களின் கடைசியில் சீனத் தொலைக்காட்சியில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூனும், 1990-களில் ஜப்பானின் அல்ட்ராமேனும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் 2013-ல் டிக்கெட் வாங்கும் வயதுக்கு வந்திருந்தார்கள். ராட்சத இயந்திரமும் ராட்சத மிருகமும் நகரத்தின் நடுவே மோதுவது அவர்களுக்குச் சிறுவயது ஆசை. ஆக, ஞாபகம் அங்கேயும் வேலை செய்தது, வேறு ஞாபகமாக.

ஹாங்காங்கைக் காட்டியதால், சீன வீரர்களை வைத்ததால் ஓடியது என்பது பரவலாகச் சொல்லப்படும் இன்னொரு காரணம். படத்தைப் பார்த்தவர்கள் யோசிக்கட்டும். சீன இயந்திரமான கிரிம்சன் டைஃபூனை ஓட்டும் மூன்று சகோதரர்களுக்கு வசனமே அநேகமாக இல்லை. ஹாங்காங் சண்டை தொடங்கிய சில நிமிடங்களில் இறந்துபோகிறார்கள். சீன ராணுவத்தின் அதிகாரப்பூர்வ நாளிதழ் அந்த ஆகஸ்டில் இந்தப் படத்தை அமெரிக்கப் பிரச்சாரம் என்று கண்டித்துக் கட்டுரை வெளியிட்டது. மக்கள் கவலைப்படாமல் போய்ப் பார்த்தார்கள்.

கிராஸ் வேறு, ஷேர் வேறு

இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த இடம். வசூல் போஸ்டரில் பார்க்கும் தொகைக்கும் (கிராஸ்) தயாரிப்பாளர் கைக்கு வரும் தொகைக்கும் (ஷேர்) உள்ள தூரம் நம் ஊர் விநியோகஸ்தர்களுக்கு நன்றாகத் தெரியும். ஹாலிவுட்டில் அது நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்க டிக்கெட் பணத்தில் தோராயமாகப் பாதி ஸ்டூடியோவுக்கு வரும். மற்ற நாடுகளில் சராசரியாக நாற்பது சதவீதம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். சீனாவில் 2012 உடன்பாட்டுக்குப் பிறகும் 25 சதவீதம்தான். அதற்கு முன்பு அதுவும் இல்லை, 13-லிருந்து 17.5 வரை.

இந்த வழக்கமான விகிதங்களை வைத்துப் போட்டுப் பார்த்தால், அமெரிக்காவின் 10.2 கோடியில் 5.1 கோடி வரும். சீனாவின் 11.2 கோடியில் 2.8 கோடி. மீதி உலகத்தின் 19.7 கோடியில் ஏறத்தாழ 7.9 கோடி. கூட்டினால் 15.8 கோடி டாலர். தயாரிப்புச் செலவான 19 கோடியையே தொடவில்லை, விளம்பரச் செலவு தனி. டிவிடி, தொலைக்காட்சி உரிமை, பொம்மை விற்பனை எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பள்ளத்தை நிரப்பியிருக்கவேண்டும். இதே 41 கோடியில் பாதி அமெரிக்காவிலேயே கிடைத்திருந்தால் கணக்கு வேறு மாதிரி இருந்திருக்கும். உள்ளூரில் ஒரு டாலர் போனால் அதை ஈடுகட்ட சீனாவில் இரண்டு டாலர் வேண்டும்.

அந்தப் பங்கும் சுலபமாக வந்துவிடவில்லை. 2013-ல் புதிய வரி ஒன்றை யார் ஏற்பது என்ற தகராறில் சீன அரசு விநியோக நிறுவனம் ஸ்டூடியோக்களுக்கான பணத்தை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தது. ஆகஸ்டில்தான் அது தீர்ந்தது. பசிபிக் ரிம் அங்கே ஹவுஸ்ஃபுல்லாக ஓடிக்கொண்டிருந்த அதே சமயம்.

'வெளிநாடு காப்பாற்றிவிட்டது' என்று எழுதுகிறவர்கள் கிராஸைப் பார்த்து எழுதுகிறார்கள். கௌரவத்தைத்தான் காப்பாற்றியது, முதலீட்டை அல்ல. அந்த வருஷம் இதே பாதையில் போன டாம் குரூஸின் 'ஆப்லிவியன்', மேட் டேமனின் 'எலிசியம்' இரண்டுக்கும் உலக வசூல் தலா 28 கோடிக்குச் சற்று மேல், உள்ளூரில் 9 கோடியை ஒட்டி. அவை செலவைக் கொஞ்சம் அடக்கி எடுக்கப்பட்டதால் தப்பித்தன.

தவறான பாடம்

லெஜண்டரி இந்த அனுபவத்திலிருந்து எடுத்துக்கொண்ட பாடம்தான் வருத்தமானது. புதுக் கற்பனை ஒரு புதுச் சந்தையில் சமமாகப் போட்டியிட முடிந்தது என்பதை விட்டுவிட்டு, சீனாவில் ஓடும் சரக்கு எது என்று தேட ஆரம்பித்தார்கள். 2016 ஜனவரியில் சீனாவின் வாண்டா குழுமம் 350 கோடி டாலருக்கு லெஜண்டரியை வாங்கியது. சீன இயக்குநர் ஜாங் யிமோ இயக்கத்தில் மேட் டேமனை வைத்து எடுத்த 'தி கிரேட் வால்' அமெரிக்காவில் 4.5 கோடியோடு நின்றது, சீனாவிலும் எதிர்பார்த்த உயரத்தை எட்டவில்லை.

பசிபிக் ரிம்முக்கு இரண்டாம் பாகம் வந்தது 2018 மார்ச்சில். டெல் டோரோ இயக்கவில்லை. அவர் இடையில் வேறு படம் எடுத்து, இரண்டாம் பாகம் வெளியாவதற்கு மூன்று வாரம் முன்புதான் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கரை வாங்கியிருந்தார். புதுப் பாகத்தின் படப்பிடிப்பில் ஒரு பகுதி சீனாவின் சிங்டாவ் நகரில் வாண்டா கட்டிய ஸ்டூடியோவில் நடந்தது. சீன நடிகை ஜிங் தியானுக்கு முக்கிய வேடம், கதையில் சீன நிறுவனத்துக்கு முக்கிய இடம். முதல் பாகத்தில் சில நிமிடம் வந்துபோன சீனச் சரக்கு இப்போது தாராளமாக இருந்தது. முதல் வாரம் நன்றாகத் தொடங்கி இரண்டாம் வாரம் சரிந்தது. சீன மொத்தம் சுமார் 10 கோடி, முதல் பாகத்தைவிடக் குறைவு. அந்த ஐந்து வருஷத்தில் சீனச் சந்தை பெருத்துவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இது பெரிய சறுக்கல். அமெரிக்காவில் 6 கோடியைத் தொடவில்லை.

அலுவலக மேசையில் ஆடும் அந்தக் குண்டுகள் மாதிரி ஒரு நொடிகூட இரண்டாம் பாகத்தில் இல்லை. சீன ரசிகர்கள் முதல் படத்தில் ரசித்தது எதை என்று அதைத் தயாரித்தவர்கள் ஒருமுறை உட்கார்ந்து பார்த்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

அந்தக் கதவும் மூடுகிறது

2013-ல் புதுக் கதைக்குக் கிடைத்த சமமான களம் சீனாவில் இன்று இல்லை. அங்கேயே பிரம்மாண்டப் படங்கள் தயாராகின்றன. 2017-ல் 'உல்ஃப் வாரியர் 2', 2019-ல் 'தி வாண்டரிங் எர்த்' என்று சீனப் படங்கள் ஹாலிவுட் கனவு காணாத வசூலைச் சொந்த ஊரிலேயே எடுத்தன. 2023-ல் சீனாவின் முதல் பத்துப் படங்களில் ஒரு ஹாலிவுட் படம்கூட இல்லை. உள்ளூரில் விட்டதை அங்கே பிடிக்கலாம் என்று இனி யாரும் 19 கோடி டாலரைப் போடமாட்டார்கள். லெஜண்டரியே 2024-ல் வாண்டாவிடம் மீதமிருந்த பங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டது. இப்போது அதன் பெரிய படங்கள் காட்ஸில்லா, காங், டியூன். எல்லாம் தெரிந்த பெயர்கள்.

ஆனாலும் 2023-ல் பிக்சாரின் 'எலிமெண்டல்' வேறொரு வழியைக் காட்டியது. நியூயார்க்கில் கொரியக் குடியேறிகளின் மகனாக வளர்ந்த பீட்டர் சோன் எடுத்த புதுக் கதை, செலவு 20 கோடி. அமெரிக்க ஓப்பனிங் 2.96 கோடி, பசிபிக் ரிம்மை விட மோசம். வார இறுதி முடிவதற்குள் தோல்வி என்று எழுதிவிட்டார்கள். இந்த முறை படத்தைத் தியேட்டரில் விட்டுவைத்தார்கள். வாரத்துக்கு வாரம் சரிவு குறைந்தது. தென்கொரியாவில் 70 லட்சம் டிக்கெட்டுக்கு மேல் விற்றது. அமெரிக்காவிலும் கடைசியில் 15.4 கோடியைத் தொட்டது, ஓப்பனிங்கைப் போல ஐந்து மடங்கு. உலக வசூல் 50 கோடியை நெருங்கியது.

பசிபிக் ரிம் அமெரிக்காவில் தன் ஓப்பனிங்கைப் போல இரண்டே முக்கால் மடங்குதான் எடுத்தது. முதல் நாள் பார்த்தவர்கள் கொடுத்த மதிப்பெண்ணுக்கு அது நியாயமான ஓட்டம் இல்லை. ஆகஸ்ட் முழுக்கப் பெரிய திரைகளில் விட்டிருந்தால் 15 கோடியாவது வந்திருக்கும் என்பது என் கணிப்பு. அந்தக் கூடுதல் 5 கோடியில் ஸ்டூடியோவுக்கு வரும் பாதி, சீனா முழுவதும் சேர்த்துக் கொடுத்த ஷேருக்குக் கிட்டத்தட்டச் சமம்.